தாழங்கேணியின் ஒரே வேலையில்லாதவர்

தாழங்கேணி கொம்யூனில் வேலையில்லாதவர் ஒருவர்கூட இல்லை என்று தெரியவந்த அன்று கொம்யூன் தலைவரான மேர் வீரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் அது 1938ஆம் வருஷம். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவிலிருந்த அந்தப் பிரெஞ்சுக் கிராமங்களை மழை தொடர்ந்து ஏய்த்துக்கொண்டிருந்தது. ஏரி வாய்க்கால் தூர்ந்துபோய் அதற்குள் ஆடுகள் மேய்ந்தன. புதுச்சேரியில் ஒரு பஞ்சாலை ஒரு ஷிப்டை மூடிவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. உண்மையில் ஊரில் பாதி ஆண்களுக்கு வேலை கிடையாது. ஆனால் அதை அவர்களே வாயால் சொல்ல வேண்டும். சிக்கல் அங்கேதான் இருந்தது.

பாரிசில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிக்கும் பொறுப்பை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமாம். ஒழிக்கலாம் என்று முடிவு செய்து பணம் அனுப்புவது பாரிசின் பொறுப்பு. யார் வேலையில்லாதவர் என்று பார்த்துச் சொல்வது புதுச்சேரியின் பொறுப்பு. வேலை கொடுப்பது கொம்யூனின் பொறுப்பு. ஒருவர் பொறுப்பில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. தாழங்கேணி வாய்க்காலைத் தூர்வாரப் பாரிஸ் பணம் தரத் தயாராக இருந்தது. ஊர் முழுக்க அதில் வேலை கிடைக்கும். ஆனால் அங்கே வேலையில்லாதவர் இருக்கிறார் என்று புதுச்சேரி சொன்னால்தான் பணம் கப்பலேறும்.

அதைப் பார்த்துச் சொல்லப் புதுச்சேரியிலிருந்து இன்ஸ்பெக்டர் அந்தோணிசாமி சைக்கிளில் வந்தார். வெயிலுக்குத் தொப்பி, வியர்வைக்குக் கைக்குட்டை, நியாயத்துக்கு அவரே. அரசமரத்தடியில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஆட்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"உனக்கு வேலை இருக்குதா, இல்லையா?"

"இன்னா சாமி இப்படிக் கேட்டுட்டீங்க? தலைக்கு மேல கெடக்குது," என்றான் பக்கிரி. அவனுடைய கலப்பை மேல் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது.

"உனக்கு?"

"எனக்கு மூணு வேலைன்னு எழுதிக்கோங்க சாமி. பொண்ணு குடுத்த வூட்டுக்காரங்க காதுல வேற மாதிரி விழுந்தா நான் இன்னா ஆவறது?"

தாழங்கேணியில் பசியை ஒப்புக்கொள்வார்கள், கடனை ஒப்புக்கொள்வார்கள். வேலையில்லாதவன் என்ற பேரை மட்டும் ஒருவனும் ஏற்க மாட்டான். அந்தப் பேர் விழுந்தால் கல்யாணத்துக்குப் பாக்கு வைத்து அழைக்க மாட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் வாயைத் திறந்தால், "நீ கம்முனு இருப்பா" என்பார்கள்.

"இந்தக் கொம்யூனில் வேலையில்லாத் திண்டாட்டம் இல்லை. என் பாராட்டுகள்," என்று அந்தோணிசாமி மேரின் கையைக் குலுக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். மேர் வீரப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"மொசியே! மொசியே! எல்லாரும் பொய் சொல்றானுங்க மொசியே! ஒருத்தனுக்கும் வேலை இல்ல!"

"அதை அவங்க சொல்லணும் மேர். நீங்க சொன்னா புதுச்சேரி பொறுப்புல கொம்யூன் தலையிட்டதா ஆயிடும்."

"அப்போ வாய்க்கால்?"

அந்தோணிசாமி இரக்கமில்லாதவர் அல்ல. சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றினார். "ஒரே ஒருத்தர் போதும். நான் எப்ப வந்து பார்த்தாலும் வேலையில்லாம இருக்கணும். அறுப்பு முடியட்டும், வந்து பார்க்கறேன். அன்னிக்கு இருந்தா பணத்துக்கு எழுதறேன்."

அந்த ஒருவரை எங்கே பிடிப்பது? வழி கண்டுபிடித்தவர் மேரியில், அதாவது மேரின் ஆபீசில், காரியதரிசியாக இருந்த இன்னாசிமுத்து. "வேலையில்லாதவன் யாருன்னு கேட்டா எவனும் வர மாட்டான் மேர். அதை ஒரு உத்தியோகமா ஆக்கிடுங்க."

மறுநாள் தண்டோரா போட்டார்கள். தாழங்கேணி கொம்யூனுக்கு வேலையில்லாதவர் ஒருவர் தேவை, நல்ல நடத்தை அவசியம், மேரி வாசலில் நேரில் வரவும். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் ஊரே வந்து நின்றது. தலைக்கு மேல் வேலை கிடந்தவர்களும் மூன்று வேலை என்று எழுதச் சொன்னவரும் முதல் வரிசையில் இருந்தார்கள்.

"உனக்கு இன்னா தெரியும்?" என்று மேர் கேட்டார்.

"நாத்து நடுவேன், பரம்படிப்பேன், கிணறு வெட்டுவேன், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவேன்."

"இவ்ளோ தெரிஞ்சவன் சும்மா இருக்க மாட்டான். அடுத்த ஆளு!"

கடைசியில் அந்த உத்தியோகம் மணவாளனுக்குக் கிடைத்தது. பக்கிரியின் மச்சினன் அவன். தாய் தகப்பன் இல்லாதவன், அக்காள் கலியம்மாள் வீட்டில் வளர்ந்தவன். பஞ்சாலை மூடிய ஷிப்டில் வேலை பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்டவன் என்பதால் அவனுடைய வேலையின்மைக்கு ஒரு பூர்வீகம் இருந்தது. அதைவிட முக்கியமானது, அரசமரத்தடியில் மற்றவர்கள் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் அந்தப் பக்கமே இல்லை. கரியமாணிக்கத்துக்குப் போயிருந்தான்.

அங்கே போனதற்குக் காரணம் தனக்கொடி.

முந்தின வருஷம் கரும்பு ஆடும் பருவத்தில் கரியமாணிக்கத்தில் குழந்தைவேல் என்பவருடைய கரும்பாலைக்குக் கூலிக்குப் போயிருந்தான் மணவாளன். கொப்பரையில் கொதிக்கும் பாகு பதம் வந்துவிட்டதா என்று பார்ப்பது அவர் மகள் தனக்கொடியின் வேலை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, "எறக்கு" என்பாள். முதல் நாள் அவள் எறக்கு என்ற பிறகும் அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாகு முறுகிவிட்டது. "யோவ், கொப்பரை அங்க இருக்குது!" என்று அவள் கத்தினாள். அந்த முறுகின வெல்லத்தை விற்க முடியவில்லை. இரண்டு பேருமே அதைப் பருவம் முடியும்வரை யாருக்கும் தெரியாமல் தின்று தீர்த்தார்கள்.

குழந்தைவேலுக்கு மணவாளனைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அவருடைய பெரிய மாப்பிள்ளை புதுச்சேரியில் சிப்பாய். "பெரியவளுக்குச் சர்க்கார் மாப்பிள்ளை, சின்னவளுக்குக் கூலிக்காரனா? ஊரு சிரிக்கும்," என்பார். வில்லியனூரிலிருந்து உப்பு ஆபீஸ் பியூன் ஒருவனுக்குப் பெண் கேட்டு ஆள் விட்டிருந்தார்கள். தை மாதத்துக்குள் சர்க்கார் உத்தியோகத்தோடு வராவிட்டால் தனக்கொடி அந்தப் பியூனுக்குத்தான்.

ஆகவே உத்தியோகம் கிடைத்த கையோடு மணவாளன் கரியமாணிக்கத்துக்கு ஓடினான். கரும்பாலைக்குப் பக்கத்தில் தனக்கொடி சக்கைகளை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சர்க்கார் உத்தியோகம் கெடச்சிடுச்சி!"

"நெசமாவா? இன்னா உத்தியோகம்?"

"வேலையில்லாதவர்."

அவள் சக்கையைக் கீழே போட்டாள். "இன்னொரு தரம் சொல்லுங்க."

அவன் பாரிசிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ வேலை செஞ்சா வேலை போயிடுமா?"

"ஆமா."

"செய்யலன்னா?"

"நிரந்தரம்."

தனக்கொடி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, சக்கைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "எங்கப்பாகிட்ட ஒண்ணும் மறைக்காதீங்க. ஆனா பாரிஸை மொதல்ல சொல்லுங்க. வேலையை அப்பறமா சொல்லுங்க."

அப்படியே சொன்னான். குழந்தைவேல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

"பாரிசுல இருந்தா பணம் வருது?"

"ஆமாங்க மாமா."

"ஒனக்கு மேல யாரு?"

"கொம்யூன். அதுக்கு மேல புதுச்சேரி. அதுக்கு மேல பாரிஸ்."

"கீழ?"

"யாரும் இல்லீங்க."

"வேலை இன்னா?"

"ஒண்ணும் இல்லீங்க மாமா. மேரி வாசல்ல நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. சும்மா ஒக்காந்திருக்கணும்."

குழந்தைவேல் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். தீர்வை கட்டப் புதுச்சேரிக்குப் போனபோது அவர் பெரிய ஆபீஸ்களை எட்டிப் பார்த்திருக்கிறார். வாசலில் நின்றவன் ஓடினான். உள்ளே இருந்தவன் எழுதினான். கடைசி அறையில், விசிறிக்கு அடியில் இருந்தவர் ஒன்றுமே செய்யவில்லை.

"பெரிய உத்தியோகமெல்லாம் அப்பிடித்தான்," என்றார் கடைசியில். "சிப்பாய்க்காவது நிக்கணும். நீ ஒக்காந்திருக்கியே! தையில ஒரு வெள்ளிக்கிழமை வரேன் மாப்ளே. உத்தியோகத்துல இருக்கறத ஒரு கண்ணு பாத்துட்டு, வூட்ல கை நனைச்சிட்டுப் போறேன்."

கை நனைப்பது என்றால் அந்தப் பக்கத்தில் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். பேச்சு முடியும்வரை பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். முடிவு செய்து வரும் நாளில் உட்கார்ந்து சாப்பிடுவார். அன்று மாப்பிள்ளையே அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றி, இலை போட்டுப் பரிமாற வேண்டும். மாப்பிள்ளை கை கட்டி நின்றால், 'உங்கள் பெண்ணை நான் கவனித்துக்கொள்ள மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல. அதோடு சம்பந்தம் முறிந்தது.

மணவாளன் அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை. மகிழ்ச்சியில் வேலை செய்துவிடாமல் ஊர் திரும்புவதே பெரும்பாடாக இருந்தது.

உத்தியோகம் கடினமாகத்தான் இருந்தது. காலையில் மேரி திறக்கும்போது வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். மூடும்போது எழுந்து போகலாம். இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் மற்ற நேரத்திலும் ஒன்றும் செய்யக் கூடாது. சின்ன வயதிலிருந்து உழைத்த கை, மடியில் கிடந்து நமைத்தது. கலியம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கத் தடுமாறினால் தன்னையறியாமல் எழுவான். தெருவே கத்தும்.

"ஒக்காருடா! எங்க பொழப்புல மண்ணைப் போடாதே!"

ஒருநாள் மேர் வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு மேரி வாசல் பக்கம் ஓடிவந்தது. மணவாளன் பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டினான். அரசமரத்தடியிலிருந்து நாலு பேர் ஓடிவந்து கன்றை விட்டுவிட்டு மணவாளனைக் கட்டினார்கள். கன்று ஏரிப்பக்கம் போய் எல்லையைத் தாண்டி இங்கிலீஷ் மண்ணில் மேய்ந்தது. "போனா போவுது. கன்னு வேற வாங்கிக்கலாம். வேலையில்லாதவனுக்கு எங்க போறது?" என்றார் மேர். அன்றிலிருந்து மணவாளன் வேலை செய்துவிடாமல் பார்த்துக்கொள்ள மூன்று ஆட்களை முறை வைத்துப் போட்டார்கள். ஊரில் நெடுநாளைக்குப் பிறகு உண்மையாக வேலை கிடைத்தவர்கள் அவர்கள்தான். அதில் பக்கிரியும் ஒருவன்.

"மச்சான், மூஞ்சியில ஈ ஒக்காந்துக்குது," என்பான் பக்கிரி.

"வெரட்டவா?"

"இரு, கேட்டுச் சொல்றேன்."

இன்னாசிமுத்து புதுச்சேரிக்கு எழுதிக் கேட்டார். தன் முகத்து ஈயைத் தானே விரட்டுவது வேலையா, இல்லையா? வேலை என்றால் என்ன என்று சொல்வது பாரிசின் பொறுப்பு என்று புதுச்சேரி பதில் எழுதிக் கேள்வியைக் கப்பலில் ஏற்றியது. கப்பல் திரும்பி வரும்வரை ஈயைப் பக்கிரி விரட்டினான்.

தை பிறந்தது. குழந்தைவேல் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் புதுச்சேரியிலிருந்து ஆள் வந்தான். இன்ஸ்பெக்டர் அந்தோணிசாமி அதே வெள்ளிக்கிழமை வருகிறாராம்.

"நல்லதாப் போச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே சமையல்," என்றாள் கலியம்மாள்.

பக்கிரிதான் முதலில் விழித்துக்கொண்டான். "அடியே, மாமனாருக்குத் தண்ணி ஊத்தணுமே இவன்? இன்ஸ்பெக்டர் பாத்தா?"

மேரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். வெகுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தைவேல் காலையிலேயே வருவார், சீக்கிரம் கை நனைத்துவிடுவார். இன்ஸ்பெக்டர் வெயில் தாழ்ந்துதான் வருவார். கும்பிட்ட சாமி கைவிடாது.

வெள்ளிக்கிழமை குழந்தைவேலின் மாட்டுவண்டி உச்சி வெயிலில் வந்து சேர்ந்தது. வண்டிக்குள்ளே தனக்கொடி உட்கார்ந்திருந்தாள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு கை நனைக்க வரும் வழக்கம் எங்கேயும் கிடையாது.

"வெல்லத்த வில்லியனூர்ல எறக்கணும், கூட வரேன்னா," என்று குழந்தைவேல் கலியம்மாளிடம் குறைப்பட்டுக்கொண்டார். "வில்லியனூரும் வந்துச்சி. வெல்லம் எறங்கிச்சி. இவ எறங்கல."

"எங்க போய் எறங்கறது? அங்க உப்பு ஆபீஸ் இருக்குது," என்றாள் தனக்கொடி.

முதலில் மேரி வாசலுக்குப் போனார்கள். மணவாளன் சலவை வேட்டி கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். குழந்தைவேல் அவனை முன்னாலிருந்து பார்த்தார். சுற்றிவந்து பின்னாலிருந்தும் பார்த்தார்.

"நல்லா ஒக்காந்திருக்காரு," என்றார் திருப்தியாக. "அசையவே இல்ல. பழக்கம் தெரியுது."

தனக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு எல்லோரும் கலியம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. குழந்தைவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கையை நீட்டினார். மணவாளன் சொம்பை எடுத்தான்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டு அந்தோணிசாமி நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் பின்னால் மேர், இன்னாசிமுத்து, அவர்களுக்குப் பின்னால் ஊர்.

"நில்லு! இன்னா பண்றே நீ?"

"மாமாவுக்குத் தண்ணி ஊத்தறேன் சாமி."

"அது வேலை."

"இது சடங்கு மொசியே," என்றார் இன்னாசிமுத்து.

"ஓட்டல்ல தண்ணி ஊத்தி எலை போடறவன் சம்பளம் வாங்கறானா இல்லையா? பரிமாறுதல் ஒரு தொழில்னு பாரிசே சொல்லியிருக்குது. அவன் கையிலேருந்து ஒரு சொட்டு விழுந்தா இந்தக் கொம்யூன்ல வேலையில்லாதவர் கெடையாது. நான் போயிட்டே இருப்பேன்."

பக்கிரி பாய்ந்து மணவாளன் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி ஊற்றப் போனான். குழந்தைவேல் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"நான் பொண்ணு குடுக்கறது ஒனக்கா?"

"இல்லீங்க. எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சிங்க," என்று பக்கிரி சொம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"மணவாளா, சொம்பைக் கீழ வைடா! வாய்க்கால் போயிடும்!" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

"வைக்காதடா தம்பி! அவரு எழுந்திருச்சிட்டா அவ்ளோதான்!" என்று அடுப்படியிலிருந்து கலியம்மாள்.

மணவாளன் சொம்போடு நின்றான். சாய்த்தால் ஊருக்கு வேலை இல்லை. சாய்க்காவிட்டால் தனக்கொடி இல்லை. வாசலில் நின்றவர்களைப் பார்த்தான். அவர்கள் வீட்டில் மாலை அடுப்பு எரியாமல் போன நாட்கள் அவனுக்குத் தெரியும். கதவோரம் நின்ற தனக்கொடியைப் பார்த்தான். சொம்பைச் சாய்க்கப் போனான், நிமிர்த்தினான். சொம்புத் தண்ணீர் விளிம்புவரை வந்து வந்து திரும்பியது. மறுபடி கையை நீட்டிக் காத்திருந்த குழந்தைவேலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அவர் கையை மடக்கிப் பாயில் ஊன்றினார். எழப்போகிறார்.

"இருங்கப்பா," என்றாள் தனக்கொடி. கூடத்துக்குள் வந்து இன்ஸ்பெக்டருக்கு எதிரே நின்றாள். "சாமி, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"நான் விடிஞ்சா எழுந்து வாசல் தெளிக்கறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டறேன். கூழு காய்ச்சறேன். எங்கப்பா, ஆளுங்க எல்லாருக்கும் நான்தான் ஊத்தறேன். நான் வேலை பாக்கறவளா, வேலையில்லாதவளா?"

அந்தோணிசாமி புன்னகைத்தார். இதற்குப் பதில் அவருக்கு மனப்பாடம். "ரெண்டும் இல்ல. நீ வூட்ல இருக்கற பொண்ணு. வூட்டு வேலை வேலையில சேராது."

"புதுச்சேரியா சொல்லுது?"

"பாரிசே சொல்லுது."

"அப்போ நான் இப்போ எங்கப்பா கைக்குத் தண்ணி ஊத்தினா?"

"வேலை இல்ல. தாராளமா ஊத்து."

தனக்கொடி மணவாளன் கையிலிருந்து சொம்பை வாங்கினாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு தரம் தூக்கிக் காட்டினாள். அப்பனுடைய விரல்மேல் ஒரு சொட்டு விட்டாள். பிறகு சொம்பைத் திரும்ப மணவாளன் கையில் வைத்தாள்.

"இதே வூடு. இதே தண்ணி. இதே எங்கப்பா. இப்போ இவரு ஊத்தினா மட்டும் எப்பிடி வேலையாவும்?"

"அவன் ஆம்பள!"

"ஆம்பள ஊத்தினா வேலை, பொம்பள ஊத்தினா வேலை இல்லன்னு பாரிசு சொல்லியிருக்குதா?"

பாரிஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை. பாரிசுக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லை.

அடுப்படியிலிருந்து கலியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "சாமி, ஊத்தறது வேலைதான்னு முடிவு பண்ணிடுங்க. நான் கல்யாணமான நாளா ஊத்திக்கினு இருக்கேன். எனக்கு எந்த ஆபீசுல சம்பளம்?"

"எனக்கு?" என்றது வாசலில் ஒரு பெண்குரல். "எனக்கும்தான்!" என்றது தெருக்கோடியில் ஒன்று. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாமி," என்றான் பக்கிரி மெதுவாக, "வேலை குடுக்கறவனுக்குப் பொறுப்பு எதனா உண்டுங்களா?"

"உண்டு. வாரத்துல ஒரு நாள் லீவு விடணும்."

பக்கிரி சுவரில் சாய்ந்தான். "வேலை இல்லன்னே எழுதிடுங்க சாமி."

அந்தோணிசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மேர், நீங்க இன்னா சொல்றீங்க?"

"யாரு வேலையில்லாதவருன்னு சொல்றது புதுச்சேரி பொறுப்புங்க. நான் தலையிட மாட்டேன்," என்றார் மேர் வீரப்பன். இவ்வளவு நாள் கழித்து அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குளிர்ச்சி தெரிந்தது.

"வேலைன்னா இன்னான்னு சொல்றது பாரிஸ் பொறுப்பு. நான் எழுதிக் கேக்கறேன்."

"கப்பல் வர வரைக்கும் எங்கப்பா கையை நீட்டிக்கினே இருப்பாரா?" என்றாள் தனக்கொடி.

குழந்தைவேல் உண்மையிலேயே கையை மறுபடி நீட்டியிருந்தார். மகள் பேசப் பேச அவர் எழுந்திருப்பதை மறந்துவிட்டார்.

"சரி," என்றார் அந்தோணிசாமி. "பதில் வர வரைக்கும் வூட்டுக்குள்ள செய்யறது வேலை இல்ல. ஆனா வாசப்படி தாண்டக் கூடாது."

மணவாளன் சொம்பைச் சாய்த்தான். அத்தனை நாள் மடியில் கிடந்த கைக்கு நிறுத்தத் தெரியவில்லை. "போதும் மாப்ளே, போதும், பாயி நனையுது!" என்று குழந்தைவேல் கூவினார். இலை போட்டான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய் வறுவல் என்று ஓடி ஓடிப் பரிமாறினான். மேருக்குப் போட்டான். இன்ஸ்பெக்டரையும் பிடித்து உட்கார வைத்தான். எச்சில் இலைகளை எடுத்தான். பாத்திரம் துலக்கினான், கூடத்தை மெழுகினான், விறகை உள்ளே இழுத்து வந்து அங்கேயே பிளந்தான். அது முடிந்ததும் உரலில் நெல்லைக் கொட்டிக் குத்த ஆரம்பித்தான். கலியம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் பகலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

குழந்தைவேல் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "உத்தியோகம் போயிடாதே மாப்ளே?"

"வூட்டுக்குள்ளதான் மாமா."

"பாரிஸ் உத்தியோகம் பாக்கற ஆளு நெல்லு குத்தறாருன்னு கரியமாணிக்கத்துல சொன்னா நம்ப மாட்டானுங்க," என்று அவர் மோரை வாங்கிக் குடித்தார்.

இன்ஸ்பெக்டர் எழுதிக் கேட்ட பணம் பங்குனியில் வந்தது. வைகாசியில் கல்யாணம். மறுவாரமே தனக்கொடி வாய்க்கால் வேலைக்குப் பேர் கொடுத்தாள். ஊரே மண் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் வீட்டிலிருந்து செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் மணவாளன் செய்துவைத்திருந்தான். வாய்க்கால் முடியும்வரை கொம்யூனில் ஒரு வேலையில்லாதவர் இருந்தாக வேண்டும் என்று புதுச்சேரி சொன்னதால் மேரி வாசல் நாற்காலிக்கும் அடுப்புக்கும் நடுவே அவன் ஓடிக்கொண்டிருந்தான். நாற்காலியில் அசையக் கூடாது, அடுப்படியில் நிற்க நேரமில்லை.

மத்தியானம் தனக்கொடி முழங்கால்வரை சேற்றோடு வீட்டு வாசலில் வந்து நிற்பாள். அவன் வாசல்படிக்கு உள்ளே நின்று கூழை நீட்டுவான். அவள் வெளியே நின்று வாங்கிக் குடிப்பாள்.

"வெரலு வெளியே வந்துடுச்சி," என்பாள்.

"ஊறுகாய் வேணுமா வேணாமா?"

"வேணும். வெரல உள்ள வெச்சிக்கினே குடுங்க."

ஆடியில் பாரிசிலிருந்து பதில் வந்தது. இது உள்ளூர்ப் பழக்க வழக்கம் சம்பந்தப்பட்டது, புதுச்சேரியே முடிவு செய்துகொள்ளவும் என்றது பாரிஸ். கொம்யூன் தன் வசதிப்படி முடிவு செய்யலாம் என்றது புதுச்சேரி. மேர் வீரப்பன் ஒரு ராத்திரி தூங்காமல் யோசித்தார். மனைவி கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தூங்க விடவில்லை என்றும் சொன்னார்கள். காலையில் அவர் தீர்மானம் போட்டார். வீட்டுக்குள் செய்வது வேலையா, இல்லையா என்பது அந்தந்த வீட்டின் பொறுப்பு.

இன்னாசிமுத்து அந்தத் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு வந்தார். தனக்கொடி கரையில் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர்களும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

"உங்க வூடு இன்னாம்மா சொல்லுது? வேலையா, இல்லையா?"

தனக்கொடி நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். சேறு புருவத்தில் ஒட்டியது. "வேலைதான் ஐயா. அதுல இன்னா சந்தேகம்? நான் செஞ்சாலும் வேலைதான், அவரு செஞ்சாலும் வேலைதான்."

கூடியிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். "அம்மாடி, கவுத்துட்டாளே!" என்றான் பக்கிரி.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல," என்றாள் அவள். "ஆனா எங்க வூடு இன்னிக்கே சொல்லாது. மொதல்ல வாய்க்கால் முடியட்டும். ஏரித் தண்ணி கடைசி வயலுக்குப் போய்ச் சேந்த அன்னிக்கு வாங்க, சொல்றோம்."

"அது வரைக்கும் நான் இன்னான்னு எழுதறது?"

"யோசிச்சிக்கினு இருக்காங்கன்னு எழுதுங்க. பாரிசு அப்பிடித்தானே எழுதுது?"

இன்னாசிமுத்து எழுதிக்கொண்டார். அவள் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். நாலு அடி போனவள் நின்று திரும்பினாள்.

"ஐயா, மேரி பக்கமாத்தானே போறீங்க? நாற்காலியில ஒக்காந்துக்கினு இருப்பாரு. அடுப்புல கருவாட்டுக் கொழம்பு இருக்குது, வூட்டுக்குப் போய் எறக்கச் சொல்லுங்க. நான் எறக்குன்னு சொன்னேன்னு சொல்லுங்க, ஓடுவாரு."